ஹோம்லைட் எக்ஸ்எல்-12: கழற்றிப் பூட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஏற்ற வாள்

பழைய செயின்சோக்களைத் தேடி வாங்கி, கழற்றிக் கழுவி, திரும்ப ஓட வைப்பதுதான் என் பொழுதுபோக்கு என்று சொன்னால் சொந்தக்காரர்கள் ஒருமாதிரித்தான் பார்க்கிறார்கள். பழைய கார் என்றால் விளங்குமாம், பழைய மணிக்கூடு என்றாலும் விளங்குமாம், மரம் அரிகிற மெஷினில் என்ன இருக்கிறது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் சிலரே பிறகு தனியாகக் கூப்பிட்டு, "அண்ணை, நானும் ஒண்டு வாங்கிப் பாக்கப்போறன், எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஹோம்லைட் எக்ஸ்எல்-12. ஏன் என்பதையும், வாங்கும்போது எதில் கவனமாக இருக்கவேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஹோம்லைட் 1921-இல் கையில் தூக்கக்கூடிய ஜெனரேற்றர் செய்யத் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். செயின்சோவுக்குப் பிறகுதான் வந்தார்கள். எக்ஸ்எல்-12 வெளிவந்தது 1963-இல். 54 சிசி என்ஜின், உடம்பு மக்னீசிய வார்ப்பு. பாரும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) செயினும் இல்லாமல் 12 இறாத்தல், அதாவது ஐந்தரைக் கிலோவுக்குக் கிட்ட. இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் 1949-இல் மக்கலக் நிறுவனம் 25 இறாத்தலில் ஒரு வாளைக் கொண்டுவந்தபோது அதுவே இலேசானது என்று பேர் வாங்கியது. அடுத்த வருடம் ஸ்ரீல் (Stihl) என்ற ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்த, ஒரே ஆள் பிடிக்கிற பெற்றோல் வாள் 16 கிலோ. அந்த நிலைமையில் 12 இறாத்தல் என்றால் எப்படி விற்றிருக்கும்! இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் பழைய பண்ணைக் கொட்டில்களில் இன்னும் இது கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

என்னுடையது சிவப்பு. லின்ட்சே பக்கம் ஒரு பண்ணையில் சாமான்களைக் கழித்துக்கட்டும்போது 40 டொலருக்கு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்க, "இஞ்சாருங்கோ, கார் நிற்கிறதுக்கு இடம் வைப்பியளோ?" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. கார் இப்போது வெளியேதான் நிற்கிறது.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? "போன வருசம் ஓடியது" என்று விற்கிறவர் சொல்வதைக் காதில் போடவேண்டாம், எல்லா வாளும் போன வருசம் ஓடியதுதான். முதலில் ஸ்ராட்டர் கைபிடியைப் பிடித்து வாளைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். படிப்படியாக, நின்று நின்று இறங்கினால் கொம்பிரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், இருக்கிறது. மடமடவென்று கீழே போனால் பேசாமல் வந்துவிடலாம். அதை அளக்கும் கேஜ் கையில் இருந்தால் 120 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டவேண்டும். அடுத்தது மப்ளர். அதைக் கழற்றி ரோர்ச் அடித்தால் புகை வெளியேறும் வாசலூடாகப் பிஸ்ரனின் பக்கம் தெரியும். மங்கலாக, ஒரே சீராக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால், யாரோ ஒயில் கலக்காத பெற்றோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சிலிண்டருக்கு உள்ளே குரோம் பூச்சு என்பதால் சிலவேளை பிஸ்ரன் அலுமினியம் மட்டும் அதில் ஒட்டியிருக்கும், அமிலம் தொட்டு எடுக்கலாம். ஆனால் அமிலம் மக்னீசியத்தில் பட்டால் வார்ப்பைத் தின்றுவிடும். முதல் வாளிலேயே இந்த வேலை வேண்டாம், கீறல் இல்லாததாகத் தேடுங்கள்.

இந்த வாளை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற இதன் காபரேற்றர் இருக்கும் இடம். மேல் மூடியைக் கழற்றி, காற்று வடியை எடுத்தால் கண் முன்னால் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் இருப்பது ரில்லொற்சன் நிறுவனத்தின் எச்எஸ் வகை. ஒரு பக்கத்தில் நான்கு ஸ்குறூ, அதைத் திறந்தால் டயபிரம் என்ற மெல்லிய சவ்வு. பல வருடம் எதனோல் கலந்த பெற்றோலில் கிடந்ததென்றால் அது அப்பளம்போல் விறைத்து, விரலால் தட்டினால் சத்தம் கேட்கும். புதியது துணிபோல் நெகிழும். அதற்குக் கீழே, பெற்றோல் வரும் வழியை மூடும் ஊசியைத் தூக்கும் ஒரு குட்டி நெம்பு. அதன் நுனி, குழியின் தளத்தோடு மட்டமாக இருக்கவேண்டும். உயர்ந்து நின்றால் பெற்றோல் வழியும், தாழ்ந்திருந்தால் என்ஜின் பட்டினி கிடக்கும். கையில் ஒரு இரும்பு அடிமட்டம் இருந்தால் போதும். பூட்டும்போது இந்தப் பக்கத்தில் முதலில் கஸ்கற் (கசிவைத் தடுக்கும் தாள்), பிறகு டயபிரம், பிறகு மூடி. பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ஸ்குறூவையும் முழுதாக மூடி, ஒவ்வொரு சுற்றுத் திறந்தால் ஸ்ராட் ஆகும் அளவுக்கு வந்துவிடும், மிச்சத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்யலாம்.

டயபிரம் கிற்றுகள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு கடையில் நான் எடுத்த கிற்றில் கஸ்கற்றின் துளைகள் பொருந்தவே இல்லை, பணமும் திரும்பவில்லை. சில டொலர் கூடினாலும் காபரேற்றர் செய்த நிறுவனத்தின் கிற்றையே வாங்குங்கள். பெற்றோல் றப்பர் குழாயைப் பரிசோதித்துப் பார்க்கவே தேவையில்லை, மாற்றுங்கள். ஐம்பது வருடத்து றப்பர் ஒன்றில் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் பிசினாகியிருக்கும்.

மின்பொறிதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். மின்னோட்டத்தைத் தொட்டு விட்டுப் பொறியை உண்டாக்கும் பொயின்ற், அதோடு சேர்ந்த கொண்டென்சர் எல்லாம் பறப்புச் சில்லுக்கு (ஃபிளைவீல்) அடியில். ஸ்பாக் பிளக் துளையால் கொஞ்சம் கயிற்றை உள்ளே விட்டால் பிஸ்ரன் நகராது, பிறகு நட்டைத் திறக்கலாம். சில்லின் இறகுகளில் இடுக்கி போட்டு இழுக்கவேண்டாம், உடைந்துவிடும். பொயின்ற்றை மெல்லிய அரத்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு சுத்தமான காகித அட்டையை இடையில் விட்டு இழுத்தால் பெரும்பாலும் நீலப் பொறி வந்துவிடும். இடைவெளி 0.015 அங்குலம். இதெல்லாம் எதற்கு என்று பொயின்ற்றைக் கழற்றி எறிந்துவிட்டு எலெக்ரோனிக் சிப் ஒன்றைப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சேகரிப்பவர்களிடம் விற்கப் போனால் முகத்தைச் சுளிப்பார்கள், நானும் அந்தச் சாதிதான்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். செயின் ஒயில் ஒழுகி மரத்தூளோடு சேர்ந்து பாறையாகியிருக்கும் வாளைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அந்த அழுக்குக்குக் கீழே வார்ப்பு அப்படியே இருக்கும். ஒயில் படாத இடத்தில்தான் மக்னீசியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். மெஷின் பிடித்து உரசவும் வேண்டாம், மக்னீசியத் தூள் நெருப்புப் பிடிக்கும் சாமான். பெயின்ற் அடிப்பது பற்றி என்னிடம் கேட்டால், பழைய ஸ்ரிக்கர் பாதியாவது மிஞ்சியிருக்கும் வாளுக்குப் புதுப் பெயின்ற் அடிப்பது பாவம்.

ஓட்டினால் எப்படி? 32:1, அதாவது லீற்றருக்கு 31 மில்லிலீற்றர் ருஸ்ரோக் ஒயில் கலக்கிறேன். பழைய கையேடுகளில் 16:1 என்றும் இருக்கும், அது அந்தக் கால ஒயிலுக்குச் சொன்ன கணக்கு. கயிற்றை இழுத்ததும் எழும் சத்தம் பக்கத்து வீட்டு யன்னலைத் திறக்கவைக்கும். பாருக்கு ஒயில் தானாக வராது. பெருவிரலால் பொத்தானை அமுக்கி அமுக்கி நீங்கள்தான் கொடுக்கவேண்டும். முதலில் கரைச்சல்தான், கொஞ்சத்தில் கை பழகிவிடும். புதுச் செயினோடு மேப்பிள் குற்றியில் வைத்தால் தடித்த சீவல்களாகத் துப்பிக்கொண்டு இறங்குகிறது. இந்தச் செயினின் பல் 1940-களில் ஓரிகன் மாநிலத்து ஜோ கொக்ஸ் என்ற மரம் வெட்டி, மரத்தைக் குடையும் புழுவின் வாயைப் பார்த்து யோசித்தது. அந்த வடிவம்தான் இன்றைய வாள்களிலும்.

குறை என்றால் இரண்டு, இரண்டும் பெரியவை. கைபிடிகள் உடம்போடு நேராகப் பூட்டப்பட்டவை, இடையில் றப்பரோ ஸ்பிரிங்கோ கிடையாது. என்ஜின் அதிர்வு முழுதும் கைக்குத்தான். அந்தக் காலத்து மரவெட்டிகளின் விரல்கள் குளிரில் இரத்தம் ஓடாமல் வெள்ளையாகிப்போனது இப்படியான வாள்களால்தான். ஸ்வீடன் நிறுவனமான ஹுஸ்க்வார்னா 1969-இல் 180 என்ற வாளில் அதிர்வு தாங்கியைச் சேர்த்தது. மற்றது, செயின் பிரேக் இல்லை. பாரின் நுனி எதிலாவது பட்டு வாள் முகத்தை நோக்கித் துள்ளினால் நிறுத்த எதுவும் கிடையாது. ஆகவே குளிர்காலத்துக்கு விறகு அரிய, புயலில் விழுந்த மரத்தைத் துண்டுபோட என்று இதை வாங்காதீர்கள். அதற்கு இன்றைய வாள் ஒன்று வேண்டும். இது கழற்றிப் பூட்டிப் பார்க்க, எப்போதாவது குற்றி ஒன்றில் ஓட்டிச் சந்தோஷப்பட. அப்போதும் காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு வெட்டுத் தாங்கும் காற்சட்டை.

இதே காசுக்கு மக்கலக்கும் கிடைக்கும். அந்த மக்கலக் முதலாளிதான் 1968-இல் இலண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டுபோய் அரிசோனாவில் கட்டியவர். வாள்கள் நல்ல பலசாலிகள், ஆனால் முதல் தடவை கை வைப்பவருக்குப் பிடிபடக் கொஞ்சம் கஷ்டம். எங்கள் ஒன்ராறியோவின் பீற்றர்பரோவிலேயே செய்த பயனியர் வாளிலும் எனக்கு ஆசை உண்டு. உதிரிப்பாகம் தேடி அலையத் தயார் என்றால் எடுக்கலாம்.

எக்ஸ்எல்-12, கொம்பிரெஷன் இருந்து ஓடாமல் கிடந்தால் 50 டொலருக்கு மேல் கொடுக்கவேண்டாம். ஓடுகிறது, ஸ்ரிக்கரும் இருக்கிறது என்றால் 100 வரை போகலாம். அந்த விலையில் ஹோம்லைட்டின் சுப்பர் எக்ஸ்எல் ஓற்றோமற்றிக் கண்ணில் பட்டால் அதை எடுங்கள். 58 சிசி, பாருக்கு ஒயிலும் தானாகவே போகும்.