கிளிக்கரும் ஹார்னெஸும்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

பயிற்சிக்கென்று கிளிக்கர் வாங்கும்போது எங்கள் நாய் பூச்சிக்கு ஒன்றரை வயது. தெருமுனையில் இன்னொரு நாய் தலைகாட்டினால் போதும், பின்னங்காலில் எழும்பி, கழுத்துப்பட்டை இறுகி இருமல் வரும்வரை குரைப்பான். நாங்கள் முதலில் போன பயிற்சியாளர், "நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள், கீழே தள்ளி அமுக்குங்கள்" என்றார். இரண்டு வாரம் அப்படியே செய்தேன். பலன், பூச்சி என்னைப் பார்த்தும் உறுமத் தொடங்கினான்.

அந்த "தலைவர்" கதை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, கூட்டத்தில் மோதி ஜெயிப்பதுதான் தலைவர் என்று ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் 1947இல் எழுதியது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் குட்டிகளும்தான் என்று 1999இல் தானே திருத்தி எழுதினார். பூச்சி ஓநாயும் இல்லை என்பது தனி விஷயம்.

கிளிக்கர் என்பது அழுத்தினால் "டிக்" என்று சத்தம் போடும் சின்ன டப்பா, அவ்வளவுதான். முதல் சில நாள் வேறெதுவும் வேண்டாம்: டிக், உடனே ஒரு துண்டுத் தீனி. சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினால் புரிந்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு அது இரண்டே நாளில் வந்தது. சொதப்பியது நான். குரைத்து ஓய்ந்த பிறகு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். "குரைத்து நிறுத்தினால் தீனி" என்று பூச்சி கணக்குப் போட்டுவிட்டான். நிறுத்துவதற்கு முதலில் குரைத்தாக வேண்டுமே!

கைபேசியில் நடையைப் படம்பிடித்துப் பார்த்ததுதான் திருப்பம். குரைப்பதற்கு முன் ஏறக்குறைய இரண்டு நொடி இருக்கிறது. திறந்திருந்த வாய் மூடும், காது முன்னால் வரும், உடம்பு விறைக்கும், வால் கம்பியாக மேலே நிற்கும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது தானாக நிமிர்கிற நேரத்தைத்தான் நான் கவனிக்கத் தவறியிருந்தேன். இன்னொன்று தூரம். நாற்பது அடி வைப்பில் மற்ற நாயைப் பார்த்துவிட்டுத் தீனியும் தின்பான். இருபத்தைந்தில் மூக்குக்கு நேரே நீட்டினாலும் தொடமாட்டான். தீனியை மறுத்தால் நாம் நெருங்கிவிட்டோம், திரும்பி நடக்க வேண்டியதுதான். நாற்பதில் நின்று, பார்த்தவுடன் டிக். அந்தத் தூரம் எட்டு அடி வைப்பாகக் குறையப் பதினான்கு மாதம் பிடித்தது. நடுவில் ஒருநாள் கட்டில்லாத நாய் ஒன்று பாய்ந்து வந்ததில் மறுபடி முப்பதுக்குப் போனோம்.

ஹார்னெஸ், அதாவது கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை, பற்றிச் சொல்ல அதிகமில்லை. மார்புப் பக்கம் கொக்கி உள்ளதை வாங்கினேன். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், அதனால் இழுப்பு பாதியாகக் குறைந்தது. இருமல் நின்றது. குரைப்பு ஒரு துளியும் குறையவில்லை. முன்னங்கால் இடுக்கில் உராய்ந்து முடி உதிர்ந்ததால் ஒரு தடவை அளவு மாற்ற வேண்டியிருந்தது.

அழைப்பு மணிக்குக் குரைப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவோம் என்று ஒரு முயற்சி செய்தோம். அப்படி விட்டால் குறைவதற்கு முன் குரைப்பு கூடும், தெரிந்தேதான் இறங்கினேன். ஒன்பதாம் நாள் தாங்காமல் "போதும்டா!" என்று கத்திவிட்டேன். முன்னைவிடச் சத்தமாகக் குரைத்தால்தான் ஆள் திரும்பிப் பார்க்கும் என்று அவனுக்குப் பாடம் ஆனது. பிறகு, மணி அடித்தால் பாய்க்கு ஓடு, அங்கே தீனி என்று மாற்றினோம். அது நிற்கிறது.

இரண்டாம் ஆண்டில் தலையைத் தடவினால் திடீரென உறுமினான். நானும் கிளிக்கரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்! கால்நடை மருத்துவர் பார்த்தபோது காதில் தொற்று. மருந்து முடிந்ததும் உறுமலும் போய்விட்டது. பழக்கமில்லாத உறுமல் புதிதாக வந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் டப்பா.

சத்தத்துக்கு மிரளும் நாய் என்றால் கிளிக்கரைச் சாக்ஸுக்குள் வைத்து அழுத்துங்கள், ஒலி அடங்கும். எங்களுடையதில் உள்தகடு துருப்பிடித்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது நாக்கைச் சொடுக்கியே "டக்" என்கிறேன். பூச்சி அதற்கும் தலையைத் திருப்புகிறான்.