கிருஷ்ணகிரி பக்கம் ட்ரக் டெஸ்ட், ஆல்கஹால் டெஸ்ட் எடுக்க அலைஞ்சவ எழுதற ரிவ்யூ

கிருஷ்ணகிரில இருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டற ஒரு சின்ன ட்ராவல்ஸ்ல ஆபீஸ் வேலை, பில்லு, டிரைவர் லீவு, இன்சூரன்ஸ் எல்லாம் நான்தான் பாக்கறேன். புதுசா ஒரு கம்பெனி கான்ட்ராக்ட் வந்துச்சு, அவங்க ஹெச்ஆர் ஒரே போடா போட்டாங்க, எல்லா டிரைவருக்கும் போதைப்பொருள் டெஸ்ட் ரிப்போர்ட் வேணும், அதுக்கப்பறம் கேட்ல தினமும் ஊதணும்னு. சரின்னு போன்ல தேடுனா மருந்துக்கடை, மறுவாழ்வு மையம், சுகர் டெஸ்ட் ஆஃபர், பெங்களூர்ல ஏதோ ஒரு டவர்ல நாலாவது மாடி லேப், எல்லாம் கலந்து வருது. நம்ம ஊர்ல யாரு நிஜமா எடுக்கறாங்கன்னு ஒருத்தரும் எழுதல, அதான் நான் எழுதறேன். லேப் பேரு எதுவும் போடல, நல்லதுக்கும் போடல கெட்டதுக்கும் போடல, எதைப் பாத்து முடிவு பண்ணனும்னு சொல்றேன், நீங்களே கண்டுபிடிச்சுக்குவீங்க.

முதல்ல ஒன்னு, நம்ம பக்கம் சின்ன லேபுங்க கிட்ட போன் போட்டு "ட்ரக் டெஸ்ட் எடுப்பீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் "எடுப்போம் மேடம் வாங்க"ன்னுதான் சொல்வாங்க. பாதி பேரு கப்புல ஒரு கிட்டை முக்கி பாக்கறவங்க, மீதி பேரு சாம்பிள் வாங்கி வெளியூர் அனுப்பறவங்க. அதனால கேக்கற கேள்விய மாத்துங்க. யூரின் ட்ரக் ஸ்கிரீனிங் எத்தனை பேனல், அதுல என்னென்ன இருக்கு, பாசிட்டிவ் வந்தா அதை உறுதி பண்ற ரெண்டாவது டெஸ்ட், அதான் கன்பர்மேஷன், அதுக்கு எங்க போகும், இந்த மூனு கேளுங்க. மூனாவது கேள்விக்கு எதிர்ல இருக்கறவங்க முழிச்சாங்கன்னா போனை வெச்சிருங்க.

பேனல்னா எத்தனை வகை போதைப்பொருள பாக்கறாங்கன்றதுதான். அமெரிக்காக்காரங்க பழைய அஞ்சு பேனல்ல கஞ்சா, கொக்கைன், ஓப்பியேட் (அபின் வகை), ஆம்ஃபெட்டமின் (தூக்கம் வராம வைக்கற வகை), அப்பறம் பிசிபின்னு ஒரு மயக்கற போதை இருக்கும், அந்த பிசிபிய நம்ம ஊர்ல வெச்சு என்ன பண்றது. விமானக்காரங்களுக்கு நம்ம டிஜிசிஏ (மத்திய அரசோட விமானத்துறை அமைப்பு) 2022 ஜனவரி கடைசில இருந்து கொண்டாந்த ரூல்ல கஞ்சா, கொக்கைன், ஓப்பியேட், ஆம்ஃபெட்டமின் வகையோட பார்பிச்சுரேட், பென்சோடயஸபைன் ரெண்டும் இருக்கு, தூக்க மாத்திரை நரம்பு மாத்திரை எல்லாம் இதுல வந்துரும். டிரைவருக்கு இந்த ஆறும் இருந்தா போதும். பத்து பேனல் பன்னென்டு பேனல்னு ரேட்டை ஏத்துவாங்க, தேவையில்ல.

இப்ப ரிவ்யூக்கு வரேன்.

முதல் இடம், ரேட்டு கம்மின்னு போனது. ரெண்டு ஸ்டார், அதுவும் பேச்சு மரியாதையா இருந்துச்சேன்னு. உள்ள போனதும் ஒரு டப்பாவை கைல குடுத்து "பாத்ரூம் அந்தப்பக்கம் அண்ணா"ன்னாங்க, அவ்ளோதான். ஆதார் பாக்கல, டப்பால பேரு எழுதல, யாரோடது யாருக்கு மாறுனாலும் கேக்க நாதி இல்ல. என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. கிட்டை முக்கினாங்க, பத்து நிமிஷத்துல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து சீல் குத்தி குடுத்துட்டாங்க. ஒரு டிரைவருக்கு கஞ்சா "டவுட்ஃபுல்"னு போட்டுருந்தாங்க. ஏங்க டவுட்டுன்னா, "கோடு லைட்டா விழுந்திருக்கு மேடம், அதான்"னு அந்த பொண்ணு சொல்லுது.

இதுதாங்க பெரிய கூத்து. கொரோனா கிட்ல ரெண்டு கோடு வந்தா பாசிட்டிவ், அதே பழக்கத்துல இதையும் பாக்கறாங்க. யூரின் ட்ரக் கிட் அப்படியே உல்டா. ரெண்டு கோடு வந்தா நெகட்டிவ், C எழுத்து பக்கத்துல மட்டும் ஒரு கோடு வந்து T எழுத்து பக்கத்துல ஒன்னுமே இல்லாட்டித்தான் பாசிட்டிவ். T கோடு எவ்ளோ மங்கலா இருந்தாலும் நெகட்டிவ்தான், கிட்டோட கூட வர்ற பேப்பர்லயே போட்டுருக்கும். டவுட்ஃபுல்னு ஒரு ரிசல்ட்டே கிடையாது. ஒரு ஆளோட வேலை போறதும் இருக்கறதும் அந்த மங்கல் கோட்டுல இருக்குது, பேப்பரை படிக்காம சீல் குத்தறாங்க.

அதே எடத்துல இன்னொரு டிரைவர் அண்ணனுக்கு ஓப்பியேட் பாசிட்டிவ்னு வந்துருச்சு. பீடி கூட குடிக்காத மனுஷன். ரிப்போர்ட்ட பாத்துட்டு மூஞ்சி செத்துப்போச்சு, "தங்கச்சி, வீட்டுக்கு தெரிஞ்சா என்னா நெனப்பாங்க"ன்னு கேக்கறாரு. உக்கார வெச்சு நிதானமா கேட்டா, அந்த வாரம் சளிக்கு டாக்டர் எழுதி குடுத்த இருமல் மருந்து குடிச்சிருக்காரு, சீட்டும் பாட்டிலும் வீட்ல இருக்கு, அதுல கோடீன். கோடீன் உடம்புக்குள்ள போனா கொஞ்சம் மார்ஃபினா மாறும், கிட்டுக்கு மருந்தா போதையான்னு தெரியாது, ரெண்டும் ஒன்னுதான் அதுக்கு.

கசகசாவும் இதே கதைதான், நம்ம வீட்ல குருமாவுக்கு தேங்காயோட அரைச்சு ஊத்தறோமே அதே கசகசா. அதுல சொற்பமா மார்ஃபின் ஒட்டியிருக்கும். முன்னாடி அமெரிக்காவுல அரசாங்க டெஸ்டுக்கு ஓப்பியேட் கட்ஆஃப், அதாவது இதை தொட்டா பாசிட்டிவ்னு வெக்கற அளவு, ஒரு மில்லிக்கு 300 நானோகிராம்னு இருந்துச்சு, கசகசா தூவுன ரொட்டி சாப்பிட்டவங்க எல்லாம் மாட்டறாங்கன்னு 1998ல 2000க்கு ஏத்திட்டாங்க. நம்மூர் கிட்டு நிறைய இன்னும் 300லயே நிக்குது. அதுக்கோசரம் கல்யாண வீட்டு பிரியாணி சாப்பிட்ட எல்லாருக்கும் பாசிட்டிவ் வரும்னு அர்த்தம் இல்ல, ஆனா கட்ஆஃப் என்னன்னு ரிப்போர்ட்ல போடாத லேப் ரிப்போர்ட்ட கைல வாங்காதீங்க.

ரெண்டாவது இடம் நாலு ஸ்டார். ராயக்கோட்டை ரோடு பக்கம், மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது, வண்டி விட எடம் சுத்தமா இல்ல. என்ஏபிஎல் (லேபுங்களுக்கு குடுக்கற தர அங்கீகாரம்) இருக்குன்னு போர்டு போட்டுருந்தாங்க, எங்க முதலாளி சொல்லி குடுத்த மாதிரி "அந்த லிஸ்ட்ல இந்த டெஸ்ட் இருக்கா"ன்னு கேட்டேன், ஏன்னா லேபுக்கு என்ஏபிஎல் இருந்தாலும் எந்தெந்த டெஸ்டுக்குன்னு தனியா ஸ்கோப் இருக்கும், சுகருக்கு வாங்கி வெச்சிட்டு எல்லாத்துக்கும் லோகோ போடறவங்க உண்டு. அந்த அம்மா கோவிச்சுக்காம "ஸ்கிரீனிங் இங்க பண்றோம்மா, கன்பர்மேஷன் பெங்களூர் மெயின் லேபுக்கு போகும், அவங்க ஸ்கோப்ல இருக்கு, பாருங்க"ன்னு பேப்பரையே எடுத்து காட்டுச்சு. அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

சாம்பிள் எடுக்கற விதத்த பாத்தா இன்னும் திருப்தி. ஆதார் பாத்தாங்க, பாக்கெட்ல இருக்கறத எல்லாம் வெளிய வைக்க சொன்னாங்க, டாய்லெட் தண்ணில நீலக்கலர் போட்டு வெச்சிருந்தாங்க, டப்பால தண்ணி மொண்டு ஊத்தி கலக்குனா தெரிஞ்சிரும். கப்பு வெளிப்பக்கம் ஒரு டெம்பரேச்சர் பட்டை, குடுத்த நாலு நிமிஷத்துக்குள்ள 32ல இருந்து 38 டிகிரிக்குள்ள இருக்கணும், பையில மறைச்சு கொண்டாந்த அடுத்தவன் யூரின் ஆறிப்போயிருக்கும்ல. டிரைவர் கண்ணு முன்னாடியே ரெண்டு பாட்டில்ல பிரிச்சு ஒட்டி சீல் வெச்சு, சீல் மேல அவரையே கையெழுத்து போட சொன்னாங்க. ஒன்னு டெஸ்டுக்கு, இன்னொன்னு பின்னாடி தகராறு வந்தா திறந்து பாக்க. கடைசியா சாப்பிடற மாத்திரைய எல்லாம் லிஸ்ட் எழுதி வாங்குனாங்க, இருமல் மருந்து, நாட்டு மருந்து, அரிஷ்டம் வரைக்கும் கேட்டாங்க.

இருமல் மருந்து அண்ணனையும் திரும்ப இங்க கூட்டிட்டு போனோம். கிட்ல மறுபடியும் ஓப்பியேட் பாசிட்டிவ்தான், ஆனா இங்க யாரும் அவரை ஒரு மாதிரி பாக்கல, "இது முதல் கட்டம்தாண்ணா, முடிவு இல்ல"ன்னு சொல்லி அனுப்புனாங்க. எல்சி-எம்எஸ்னு ஒரு மெஷின், அதுல கோடீன் எவ்ளோ மார்ஃபின் எவ்ளோன்னு தனித்தனியா நம்பரா வரும். வந்துச்சு, கோடீன் நெறைய, மார்ஃபின் கொஞ்சம், டாக்டர் சீட்டோட ஒத்துப்போச்சு. ஹெச்ஆரும் ஒத்துக்கிட்டாங்க. காசு ஸ்கிரீனிங்குக்கு ஆயிரத்து சொச்சம், கன்பர்மேஷனுக்கு அதுக்கு மேல தனியா, முதல் இடத்துல இதுல பாதிதான் ஆச்சு, ஆனா அந்த பாதிக்கு ஒருத்தர் வேலை போயிருக்கும்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா கன்சென்ட் ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு. எட்டாவது படிச்ச டிரைவர் எதுல கையெழுத்து போடறோம்னு தெரியாமயே போடறாரு, நான் உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் படிச்சு சொன்னேன். ரிப்போர்ட்ட ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு அனுப்பவான்னு கேட்டதும் எனக்கு பிடிக்கல. அது அவங்க உடம்பு சமாச்சாரம், முதல்ல அவங்க கைல குடுங்கன்னு சொன்னேன், குடுத்தாங்க.

ஆல்கஹால் டெஸ்ட் தனிக்கதை. இதுக்கு ரத்தம் எடுத்தாங்கன்னா எடுக்கறவங்க கைய கவனிங்க. ஊசி குத்தற எடத்த ஸ்பிரிட் பஞ்சுல தொடச்சா முடிஞ்சது கதை, ஸ்பிரிட்டே ஆல்கஹால்தான, ஆல்கஹால் கலக்காத அயோடின் மருந்துலயோ சோப்பு தண்ணிலயோ தான் தொடைக்கணும். ரத்தம் சாம்பல் கலர் மூடி போட்ட ட்யூப்ல போகணும், சுகருக்கு எடுக்கறாங்களே அதே ட்யூப்பு, அதுல ஃப்ளோரைடு இருக்கும், ரத்தம் ட்யூப்புக்குள்ள கெட்டுப்போய் ஆல்கஹால் அளவு தானா மாறாம இருக்க. ரெண்டாவது லேப்ல ரெண்டும் சரியா பண்ணாங்க. தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு இடத்துல ஒரு டிரைவருக்கு எடுத்தப்ப ஸ்பிரிட் பஞ்ச கைல எடுத்துட்டாங்க, நிறுத்தி சொன்னதும் "எல்லாத்துக்கும் இதான் மேடம்"னாங்க, எழுந்து வந்துட்டோம். அதுக்கு ஸ்டாரே இல்ல.

ஆனா நிஜமா சொன்னா டிரைவருக்கு ரத்த டெஸ்ட் வேஸ்ட்டு, ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பஸ்ஸு ஓசூர் போய் திரும்பியிருக்கும். ஊதற மெஷின் ஒன்னு வாங்கி ஷெட்லயே வெச்சிட்டோம். ஆன்லைன்ல ஆயிரம் ரூவாய்க்குள்ள கிடைக்கறது பூரா செமிகண்டக்டர் சென்சார், சென்ட் வாசத்துக்கே கத்தும், ஃப்யூயல் செல் சென்சார்னு போட்டுருக்கறத வாங்குங்க, காலிபரேஷன் பண்ணி தருவாங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஊதறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் வாய்ல எதுவும் போடக்கூடாது, மவுத்வாஷ், அரிஷ்டம், டானிக் எல்லாம் வாய்ல நின்னு ஏத்தி காட்டும், மொதல்ல எகிறுனா பதினஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதச் சொல்லுங்க.

அப்பறம் எல்லா டிரைவரும் சொல்றது, "நைட்டு போட்டது காலைல எப்படிங்க இருக்கும்". கணக்கு போட்டு காட்டுனேன். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 60 கிராம். 70 கிலோ ஆளுக்கு அது ரத்தத்துல 100 மில்லிக்கு சுமார் 125 மில்லிகிராம் வரைக்கும் ஏறும். இறங்கறது மணிக்கு 15 போல, காபி குடிச்சாலும் குளிச்சாலும் அதே 15தான். கடை பத்து மணிக்கு சாத்தறாங்க, பதினோரு மணிக்கு குடிச்சு முடிச்சுட்டு அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தா ஆறு மணி நேரத்துல 90 இறங்கியிருக்கும், மீதி 35. மோட்டார் வாகன சட்டம் 185ல லிமிட் 30. தலை கிறுகிறுன்னு இல்லாட்டியும் கேஸு கேஸுதான், 2019 திருத்தத்துக்கப்பறம் முதல் தடவைக்கே பத்தாயிரம் ஃபைன் இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். தொப்பூர் கணவாய் இறக்கத்துல வண்டி ஓட்டற எங்க சேலம் ரூட் டிரைவருங்க இதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ஒருத்தர் மட்டும் "அப்ப அரை குவார்ட்டருங்க?"ன்னாரு.

போலீஸ்ல மாட்டுனா நம்ம தனியார் லேப் ரிப்போர்ட் காப்பாத்தும்னு நினைக்காதீங்க, அதுக்கு அவங்க ஊத வைக்கறதும் ஜிஹெச்ல எடுக்கற ரத்தமும்தான் கணக்கு.

வீட்டுக்கே வந்து எடுக்கறோம்னு ஆப்ல புக் பண்ற சர்வீஸும் பாத்தேன். நேரத்துக்கு வந்தாரு, நல்ல பையன், ஆனா யூரின் டப்பாவ வாசல்ல குடுத்துட்டு திண்ணைல உக்காந்து போன் பாக்கறாரு. கம்பெனிக்கு குடுக்க இந்த ரிப்போர்ட் செல்லாது. மூனு ஸ்டார், நமக்கு நாமே தெரிஞ்சுக்கறதுக்கு ஓகே.

அந்த ரெண்டாவது லேப் பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, காலேஜ் போற பையனுக்கு தெரியாம அவன் தலைமுடிய குடுத்தா பாப்பீங்களான்னு கேட்டுட்டு இருந்தாங்க. முடில 90 நாள் வரைக்கும் தெரியும், அது நிஜம், ஆனா பெரிய ஊர் லேபுக்குதான் போகணும், காசும் எக்கச்சக்கம். யூரின்ல கஞ்சா எப்பவாவது ஒருதடவைன்னா மூனு நாளு போல, தினமும் இழுக்கறவங்களுக்கு வாரக்கணக்கு, ஒரு மாசம் கூட தெரியலாம். பாசிட்டிவ் வந்தா அடுத்து என்ன பண்ணுவீங்கன்னு அந்த அம்மா கிட்ட ரிசப்ஷன்ல கேட்டாங்க, அவங்களுக்கு பதில் இல்ல. 14446ன்னு ஒரு நம்பர் எழுதி குடுத்தாங்க, போதை மீட்புக்கு மத்திய அரசு இலவச லைன், தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல டாக்டரையும் பாக்க சொன்னாங்க. டெஸ்ட் விக்கற எடத்துல டெஸ்ட் வேணாம்னு சொன்னாங்க பாருங்க, நாலு ஸ்டார்ல பாதி அதுக்குத்தான்.

அந்த ரெண்டாவது லேபுக்கு போறவங்களுக்கு ஒன்னு ரெண்டு. ஞாயித்துக்கிழமை சாம்பிள் எடுக்க மாட்டாங்க, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல குடுத்தா பெங்களூர் பெட்டி திங்கக்கிழமைதான் கிளம்பும், அதனால வாரம் நடுவுல போங்க. யூரின் வரணும்னு டிரைவருங்கள வழில பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்க விடாதீங்க, யூரின்ல இருக்கற கிரியேட்டினின்ற கழிவு 20க்கு கீழ இறங்குனா டைல்யூட்னு (தண்ணி ஜாஸ்தின்னு) போட்டு மறுபடியும் வரச் சொல்லிருவாங்க, மறுபடியும் காசு. ஒரு டம்ளர் மோரு போதும்.