இரவு விருந்தா, காலைத் தேநீரா? மலையில் ஒரு தொழில் சந்திப்பு

நீலகிரியில் இருநூறு தொழில்காரர்களை ஒன்றுகூட்டி அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்றால் இரண்டு யோசனைகள்தான் முதலில் வரும். ஊட்டியில் மண்டபம் எடுத்து இரவு விருந்து வைப்பது ஒன்று. குன்னூர்ப் பக்கம் ஒரு புல்வெளியில் காலை பத்து மணிக்குத் தேநீரோடு தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடிப்பது மற்றொன்று. எங்கள் வியாபாரிகள் குழு இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில், இரண்டு முறையும் ஜனவரியில், நடத்திப் பார்த்தது. இரண்டிலும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் ஓட்டு காலைச் சந்திப்புக்கே.

இரவு விருந்தின் வசதிகள் தெரிந்தவைதான். கடையடைத்த பிறகு வரலாம், மழையைப் பற்றிக் கவலை இல்லை, விருந்து என்றால் ஒரு மதிப்பும் இருக்கிறது. செலவு இரண்டுக்கும் பெரிதாக வேறுபடவில்லை. சமவெளியிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு நீலகிரிக்குள் நுழைய எடுக்கவேண்டிய இ-பாஸை நினைவூட்டுவதும், பிளாஸ்டிக் தடை இருப்பதால் பாட்டில் தண்ணீருக்குப் பதில் குடங்களும் டம்ளர்களும் வைப்பதும் எப்படியும் செய்யவேண்டிய வேலைகள்.

எல்லாவற்றையும் தீர்மானித்தது சத்தம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் எந்த மண்டபத்திலும் ஜன்னலைத் திறந்துவைக்க முடியாது. மூடிய அறை, வழுவழுப்பான தரை, வெறும் சுவர், இருநூறு குரல்கள். சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைப் பதிவு செய்தார். ஒருவர் உயர்த்த, பக்கத்தில் இருப்பவரும் உயர்த்த, அரை மணி நேரத்தில் மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது. போதாததற்கு மேடையில் இன்னிசை வேறு வைத்திருந்தோம். அது எங்கள் பெரிய தவறு.

தெரிந்தவர் பேச்சு பாதி காதில் விழுந்தாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். புதியவரிடம் அது நடக்காது. பெயரே சரியாகக் கேட்காதபோது இரண்டாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு, சிரித்துவிட்டு, தன் ஊர்க்காரர்கள் இருக்கும் மேசைக்குப் போய்விடுகிறார். அன்று கோத்தகிரிக்காரர்கள் ஒரு மேசை, குன்னூர்க்காரர்கள் ஒரு மேசை என்று வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கூடலூர் நண்பர்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை, ஏழரைக்கே கிளம்பிவிட்டார்கள். அவர்களைச் சந்திக்கத்தான் பலர் வந்திருந்தார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

புல்வெளியில் குரல் கலைந்து போய்விடுகிறது. அடிக்குரலில் பேசினாலே கேட்கிறது. நாற்காலிகளை வயதானவர்களுக்கு மட்டும் ஓரமாகப் போட்டோம். மற்றவர்கள் கோப்பையோடு நின்றார்கள், நின்றதால் நகர்ந்தார்கள். பெயர் அட்டையில் பெயருக்குக் கீழே ‘தேடுவது’ என்று ஒரு வரி எழுதச் சொன்னோம். கூடலூர் மிளகு விவசாயி ஒருவரின் அட்டையில் ‘நேரடியாக வாங்குபவர்’ என்று இருந்தது. குன்னூரில் சாக்லேட் செய்யும் ஒரு பெண்மணி அதைப் படித்துவிட்டு அவரிடம் போய் நின்றார். இருவரும் நாற்பது நிமிடம் பேசினார்கள். அப்படிப் பேச முந்தைய ஆண்டு மண்டபத்தில் வழியே இல்லை.

காலைச் சந்திப்புக்கும் குறைகள் உண்டு. சிறு கடைக்காரர்களுக்கு அரை நாள் வியாபாரம் போகிறது. வர்க்கி போடும் பேக்கரிக்காரர்கள் அதனாலேயே பாதிப்பேர் வரவில்லை. நாளையும் பார்த்து வைக்கவேண்டும்: வியாழனும் வெள்ளியும் குன்னூரில் தேயிலை ஏலம், தேயிலைக்காரர்கள் அசையமாட்டார்கள். நாங்கள் செவ்வாய்க்கிழமையில் வைத்தோம்.

நான் புல்வெளியில் நடத்தியது ஒரே முறைதான், அதுவும் நல்ல வெயிலில். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரை நனைத்தெடுக்கும்போது இதே ஏற்பாடு தாங்காது. ஐந்நூறு பேர் வந்தால் திறந்தவெளியிலும் சத்தம் இப்படி அடங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மழைக்காலத்தில்தான் நடத்தியாக வேண்டும் என்றால் மண்டபத்தையே எடுங்கள். ஆனால் இன்னிசையை விட்டுவிடுங்கள், தரைக்குக் கனமான ஜமக்காளம் விரியுங்கள், பகலில் வையுங்கள்.