பிரவுன் பெஸ் மஸ்கட்டா, பேக்கர் ரைஃபிளா?

நெப்போலியன் போர்களில் பிரிட்டிஷ் காலாட்படையிடம் இரண்டுமே இருந்தன. பிரவுன் பெஸ்ஸின் குழல் உட்புறம் வழவழப்பு, அகலம் 0.75 அங்குலம், ஈயக்குண்டோ ஏறக்குறைய 0.69. இந்த இடைவெளியால் வெடிமருந்துக் கரி படிந்த குழலிலும், அதன் வாய்வழியே போடும் குண்டு சட்டென்று இறங்கும். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆனால் குண்டு குழலுக்குள் முட்டிமோதிக்கொண்டு வெளியேறும். 100 கஜம் தாண்டினால் குறியை நம்ப முடியாது.

1800-இல் வந்த பேக்கரின் 30 அங்குலக் குழலில் ஏழு சுருள் பள்ளங்கள். எண்ணெய் தடவிய தோல்துண்டில் குண்டைப் பொதிந்து திணிக்க வேண்டும்; தோல் பள்ளத்தைக் கவ்வ, குண்டு சுழன்று பாயும். 200 கஜத்திலும் ஆளைக் குறிவைக்கலாம். கரி படியப் படியத் திணிப்பதுதான் பெரும்பாடு. தொடக்கத்தில் மரச்சுத்தியல்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு இரண்டு வெடிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. குதிரைப்படை பாய்ந்து வரும்போது அந்தத் தாமதம் உயிருக்கே உலை. வரிசையில் நின்று சரமாரியாகச் சுட மஸ்கட்டே மேல். புதர்மறைவிலிருந்து அதிகாரிகளை வீழ்த்த பேக்கருக்கு ஈடில்லை.