குழந்தைக் காயங்கள்: பாட்காஸ்டில் கேட்பதா, பக்கத்தில் நின்று பார்ப்பதா?

கோவையிலிருந்து வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்கு ரயிலில் போய்வரும் பயிற்சி மருத்துவருக்கு இயர்போனை மாட்டினால் அதுவே வகுப்பு. என்ன கேட்க வேண்டும், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று பழக பாட்காஸ்ட் அருமையான வழி. இரண்டு வயதுக் குழந்தையை யாரோ கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கியிருக்கிறார்கள். அப்புறம் அந்தக் கையை அது அசைக்கவே இல்லை. விழவில்லை, வீக்கமும் இல்லை. இதைக் காதால் கேட்டாலே முழங்கையில் ஆரை எலும்பின் (முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு) தலை நழுவியிருக்கலாம் என்று பிடிபட்டுவிடும். பெரும்பாலும் எக்ஸ்ரேகூட வேண்டாம். தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பேஸ்ட் தடவக்கூடாது என்பதும் அப்படியே மனதில் நிற்கும்.

சரி, நழுவியதை உட்கார வைப்பது? ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையால் முன்கையை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். பல நேரம் விரலுக்கடியில் ஒரு 'க்ளிக்' தட்டுப்படும். அதை எந்தக் குரலாலும் சொல்லித்தர முடியாது. மற்ற காயங்களுக்கு எக்ஸ்ரே பார்ப்பதும் அப்படித்தான். குழந்தை எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி, கறுப்புக் கோடாகத் தெரியும்; புதியவர் அதை முறிவு என்றே நினைப்பார். சீனியர் ஒருவர் தொட்டுக் காட்டத்தான் வேண்டும்.

செலவிலும் நேரத்திலும் பாட்காஸ்டுக்கே லாபம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தாய்மார் தமிழில்தான் பதறுவார்கள் என்பதால் தமிழ் எபிசோடுகள் கட்டாயம் வேண்டும். என் தேர்வு: முதலில் எபிசோட், அதே வாரம் வார்டில் செய்முறை.