ஃபயர் அலாரம் மாற்றுகிறோம் என்று 18 லட்சத்து 40 ஆயிரத்தை விழுங்கிவிட்டார்கள்: மில்காரர்கள் உஷார்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னிங் மில், ஜின்னிங் ஃபேக்டரி, பெரிய குடோன் என்று எங்கே மெயின்டனன்ஸ் பார்ப்பவராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நூற்பாலை. பழைய அலாரம் கன்வென்ஷனல் டைப். எங்காவது புகை வந்தால் பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், அந்த ஜோன் (பகுதி) முழுவதற்கும் சேர்த்து ஒரே சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் ஷெட்டின் நீளத்துக்கு எந்த டிடெக்டர் அடித்தது என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். பஞ்சில் பிடிக்கும் தீ உங்களுக்குத் தெரியும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் ஒரு இரும்புத் துண்டு உரசினால் போதும். அமுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியான பேலுக்குள்ளே போய்விட்டால் வெளியே சுவாலையே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி முகவரி உள்ள அட்ரஸபிள் சிஸ்டத்துக்கு மாறலாம் என்று முதலாளி முடிவெடுத்தார்.

ஆளைப் பிடித்தது, விற்பவரையும் வாங்குபவரையும் கோத்துவிடும் ஓர் ஆன்லைன் வணிகத் தளத்தில். பெயரைப் போடாதே, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஆபீஸில் தடுத்துவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று முத்திரை வேறு.

வந்தவன் சாதாரண ஆள் இல்லை. தொழில் தெரிந்தவன். அதுதான் வயிறு எரிகிறது. கோட்டு சூட்டு எல்லாம் கிடையாது, அவனே ஏணியில் ஏறினான். பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினுக்கு மேலே இருந்த பழைய டிடெக்டரைக் கழற்றிக் கொண்டுவந்து முதலாளி மேஜையில் தட்டினான். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி பஞ்சுத் தூசு கொட்டியது. "சார், இதுக்குக் கண்ணு போயி ரொம்ப நாளாச்சு. இங்கெல்லாம் புகை டிடெக்டர் வெச்சா ஒண்ணு சும்மா சும்மா கத்தும், இல்ல கத்தவே கத்தாது. புளோ ரூமுக்கு ஹீட் டிடெக்டர், பேல் குடோன் உயரத்துக்கு, குறுக்கே ஒளிக்கதிர் விட்டுப் புகையைப் பிடிக்கிற பீம் டிடெக்டர்னு பிரிச்சுப் போடணும்" என்றான். அத்தனையும் உண்மை. பிறகு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே சின்ன பேனல், மூன்று டிடெக்டர். ஒன்றில் புகை ஸ்பிரே அடித்ததும் திரையில் 'பேல் குடோன், கிழக்கு மூலை' என்று எழுத்து வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே ஆர்டர் போய்விட்டது.

மொத்தம் 23 லட்சம். அதில் 80 சதவீதம், 18 லட்சத்து 40 ஆயிரம், தவணை தவணையாக வாங்கிக்கொண்டான். பழைய பேனலையும் 'பைபேக்' என்று சொல்லிக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டான். இப்போது திரும்பிப் போக அதுவும் இல்லை.

ஒப்படைக்கும் நாளில் சோதித்துக் காட்டியது ஆபீஸ், ஸ்டோர் பக்கம் மட்டும். ஷெட்டுக்குள் வந்தால் "மெஷின் ஓடுது சார், நிறுத்தினா புரொடக்ஷன் போகும், லீவு நாள்ல முழுசாப் பண்ணித் தர்றேன்" என்றான். எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

குட்டு வெளிப்பட்டது எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பியால். தூசு தட்ட ரிங் ஃப்ரேம் மேலே ஒரு டிடெக்டரைக் கழற்றியவன், பேனலில் ஃபால்ட் காட்டும், அதை அமைதிப்படுத்துவோம் என்று போயிருக்கிறான். திரையில் 'நார்மல்'. பச்சை விளக்கு. இன்னொன்றைக் கழற்றினான், நார்மல். வரிசையாக ஒரு லைன் முழுவதையும் கழற்றிவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, அப்பவும் பச்சைதாண்ணே எரியுது!"

பிரித்துப் பார்த்தோம். பில்லில் 310 அட்ரஸபிள் டிடெக்டர். முகவரி உள்ளது 12தான், அந்த ஆபீஸ், ஸ்டோர் பக்கத்தில் மட்டும். மீதி 298-ம் விலை மலிவான கன்வென்ஷனல் சரக்கு. டிடெக்டர் லைனைப் பேனலோடு இணைக்கும் 16 மாட்யூல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 18, 19 டிடெக்டரைச் சேர்த்து ஒரே முகவரியில் கட்டியிருக்கிறார்கள். அதாவது பழைய ஜோன் சிஸ்டமேதான், மேலே புது முகமூடி. அதைவிடக் கொடுமை ஒன்று. லைனின் கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். வழியில் வயர் அறுந்தாலோ டிடெக்டர் கழன்றாலோ பேனலுக்குத் தெரிவது அதனால்தான். இந்தப் பாவிகள் அதை மாட்யூலின் முனையிலேயே கட்டிவிட்டான்கள். லைன் முழுக்க அறுந்து தொங்கினாலும் பேனல் எல்லாம் நலம் என்றே சொல்லும். தெரியாமல் செய்யும் வேலை இல்லை இது. இந்தப் பேனலை நம்பி இத்தனை நாள் நைட் ஷிஃப்டில் பெண் பிள்ளைகளை வேலைக்கு விட்டிருக்கிறோம்.

கேபிளும் அப்படியே. எஃப்ஆர்எல்எஸ் ஆர்மர்டு கேபிள், அதாவது எளிதில் தீப்பிடிக்காத, புகை குறைவாக விடும், உலோகக் கவசம் உள்ள கேபிள் என்று ஆர்டரில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் உயரம் வரை புதுசு, டிரேக்கு மேலே போனால் பழைய வயர். மின்சாரம் போனால் 24 மணி நேரம் நின்று, அதற்கப்புறமும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தோம். பேட்டரியைப் பார்த்தால் ஆர்டரில் உள்ளதில் பாதி கொள்ளளவுகூட இல்லை.

போன் போட்டேன். முதலில் "இன்ஜினியர் கிளம்பிட்டார் சார்". அப்புறம் "லூப் கார்டு (டிடெக்டர் லைனைப் பேனலில் இணைக்கும் அட்டை) சென்னை ஹார்பர்ல நிக்குது". அப்புறம் "மீதி 4 லட்சத்து 60 ஆயிரத்தைப் போடுங்க, ஆள் அனுப்பறேன்". 18 லட்சத்து 40 ஆயிரம் வாங்கியவன் என்னிடமே பாக்கி கேட்கிறான்! இப்போது அந்த நம்பர் எடுப்பதே இல்லை. வேறு நம்பரில் கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். ராத்திரி பத்து மணிக்கு என்ன மீட்டிங்கோ.

அந்தத் தளத்துக்காரர்களிடம் கேட்டால் "நாங்கள் தொடர்பு ஏற்படுத்தித் தருபவர்கள் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை." அப்படியானால் அந்த முத்திரை எதற்கு? ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்களாம். நான் போட்ட விமர்சனத்தையும் 'விதிமுறைக்கு மாறானது' என்று தூக்கிவிட்டார்கள்.

வேறு கம்பெனி ஆளைக் கூட்டிவந்து காட்டினால், பேனலின் புரோகிராம் பாஸ்வேர்டு அவனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, தொட முடியாது, புதுப் பேனல்தான் என்கிறார். அதாவது 18 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேலே இன்னும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இன்ஷூரன்ஸுக்கும் எஸ்.பி. ஆபீஸுக்கும் பேப்பர் அடுக்க வேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு இவை மட்டும்: எந்த டிடெக்டரைக் கழற்றினாலும் அதன் பெயர் சொல்லிப் பேனல் கத்த வேண்டும், அதுவும் நீங்கள் காட்டும் டிடெக்டரில், அவன் காட்டுவதில் இல்லை. பாஸ்வேர்டும் கான்ஃபிகரேஷன் ஃபைலும் கைக்கு வராமல் கடைசித் தவணை கிடையாது. டிடெக்டர் சீரியல் நம்பர்களைத் தயாரிப்பாளருக்கே அனுப்பிக் கேளுங்கள். புதுசு முழுசாகத் தேறும்வரை பழைய பேனலை எவன் கேட்டாலும் கழற்ற விடாதீர்கள்.