கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளி: எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்?

அரசுப் பள்ளிகளில் 2022-23இல் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து, மேடை ஏறிப் பார்த்த பிள்ளைகள் பலரும் கேட்பது ஒன்றுதான்: இதைத் தொடர்ந்து எங்கே கற்பது? கடலூரில், மாதம் ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத வீடுகளுக்கு நாங்கள் முதலில் சொல்வது கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளியைத்தான்.

வயது 12 முதல் 25 வரை. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். கட்டணம் ஆண்டுக்கு 350 ரூபாய் என்றும், மாதம் 400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்றும் சேர்க்கை அறிவிப்புகளில் வந்திருக்கிறது. ஆக, இலவசம் என்றே சொல்லலாம். கட்டியதைவிடக் கூடுதலாகவே கைக்கு வருகிறது. பேருந்துச் சலுகையும் உண்டு. இந்த ஆண்டுத் தொகையை மட்டும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இது முழுநேரப் படிப்பு. வேலைநாட்களில் பகல் முழுவதும் வகுப்பு. ஒன்பதாவது படிக்கும் பிள்ளையால் பள்ளியையும் இதையும் சேர்த்து ஓட்ட முடியாது. பத்தாவதோ பன்னிரண்டோ முடித்தவர்களுக்கும், ஏதோ காரணத்தால் படிப்பு நின்றுபோனவர்களுக்கும்தான் இந்த இடம் சரி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, 16 வயது வரை, அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. சந்தா குறைவு, வகுப்புகள் வார இறுதியில். அங்கே அடிப்படை போட்டுக்கொண்டு பிறகு இசைப்பள்ளிக்கு வருவது நல்ல வழி.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன. குரலிசையில் சேரும் 13, 14 வயதுப் பையனுக்கு மகரக்கட்டு உடையும், அதாவது குரல் உடைந்து கனக்கும் நேரம். பழைய சுருதியிலேயே மேல்ஸ்தாயிக்கு முட்டினால் தொண்டை கெடும். சுருதியை இறக்கி, நேரத்தைக் குறைத்து, மந்தர ஸ்தாயியில் (கீழ்க் குரலில்) சாதகம் செய்ய ஆசிரியரிடம் கேட்க வேண்டும். சுருதிப் பெட்டி வாங்க வேண்டாம். தம்புரா ஒலிக்கும் செயலி கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது.

மிருதங்கம் என்றால் வீட்டிலும் ஒன்று வேண்டும். செலவு அங்கேதான் விழும். கடலூர் கடற்காற்றில் ஈரம் அதிகம். தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில். கல்லும் கட்டையும் கொண்டு தட்டி ஏற்றப் பழகும் வரை பிள்ளை தவறான நாதத்தையே கேட்டுப் பழகும். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஒட்டிய ரவைப் பசையை வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். காய விட்டால் தோல் வெடிக்கும், பூச்சியும் வரும். துணியுறை போட்டு, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

பரதத்துக்குத் தரையைப் பாருங்கள். சிமென்ட் தரையில் தட்டடவை (காலைத் தட்டும் அடிப்படை அடவை) மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நெடுநேரம் அடித்தால் முழங்காலும் கணுக்காலும் வலி கண்டுவிடும். அரைமண்டியில் (முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்த நிலையில்) முழங்கால் பாதத்தின் திசைக்கே திறக்க வேண்டும். இடுப்பு திறக்காமல் பாதத்தை மட்டும் திருப்பும் பிள்ளைக்கு வலி சீக்கிரமே வந்துவிடும். பயிற்சிக்குப் பருத்திப் புடவை போதும். அரங்கேற்றம் என்று யாராவது பெரிய செலவைச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சான்றிதழுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்களைக் கேட்டால், இந்தப் பள்ளியில் உண்மையான மதிப்பு நாதசுரம், தவில், தேவாரம் மூன்றிலும்தான். மற்றப் பிரிவுகளுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள்; இவற்றுக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பள்ளியில் தோற்றுவிட்டதாக நினைக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு! அறநிலையத் துறைக் கோயில்களின் ஓதுவார், நாதசுரம், தவில் பணியிடங்களுக்கு இத்தகைய இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. தேவாரத்துக்குக் கருவிச் செலவும் கிடையாது. அப்பர் பண்ணுருட்டியை ஒட்டிய திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண். இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். பண்ணுருட்டிப் பிள்ளை தன் ஊர்ப் பதிகத்தைப் பண்ணோடு பாடக் கற்பது எங்களுக்குப் பெருமையான விஷயம்.

நாதசுரத்தில் பல்லவி கேட்கும் முன் மூச்சைக் கட்ட ஒரு வருடம் ஆகும் என்று பிள்ளையிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) சீக்கிரம் தேயும் பொருள். ஒன்றுக்கு மூன்றாக வைத்திருக்க வேண்டும். கருவியை, கும்பகோணம் பக்கத்தில் நாதசுரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் வாங்கலாம். அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டாம்; ஆசிரியர் சுருதி சொன்ன பிறகு வாங்குங்கள்.

பெரிய குறை, நாடகமும் தெருக்கூத்தும் அந்த ஏழு பிரிவில் இல்லாதது. கூத்து இன்னும் விடிய விடிய நடக்கும் மாவட்டத்தில் இது வருத்தமே. நடிப்பு வேண்டும் என்பவர்கள் புதுச்சேரியைப் பார்க்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் பல்கலைக்கழகத்தில் உள்ள நிகழ்கலைப் பள்ளி முதுநிலை மாணவர்களுக்கானது.  15 வயதுக்கு அது எட்டாது.

சேர்க்கை கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், புகைப்படம், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை தள்ளிப்போகும். விண்ணப்பம் வாங்கும் நாளிலேயே, விரும்பும் பிரிவுக்கு இப்போது ஆசிரியர் பணியில் இருக்கிறாரா, பயிற்சிக்குப் பள்ளிக் கருவியைத் தருவார்களா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.